வேர்வை கொட்டினா மட்டும் போதுமா?

நம்ம ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. வேர்வை எவ்வளவு கொட்டுதோ அவ்வளவு கொழுப்பு கரையுதுன்னு. அதனால காலையில கிரவுண்டுக்குப் போனீங்கன்னா மூணு பேர்ல ஒருத்தர் மழைக்குப் போடுற ஜெர்கினை கழுத்து வரைக்கும் ஜிப் போட்டு ஓடிக்கிட்டு இருப்பார். இன்னொருத்தர் வயித்துல பிளாஸ்டிக் கவரைச் சுத்தி மேல பெல்ட் கட்டியிருப்பார். கொஞ்சம் காசு இருக்கிறவங்க ஆன்லைன்ல 'சோனா சூட்'னு ஒண்ணு வாங்கிப் போட்டிருப்பாங்க. பார்க்க விண்வெளிக்குக் கிளம்புற மாதிரி இருக்கும் :-)

இதை எல்லாம் பார்த்துட்டு சிரிச்சுட்டுப் போறவன்தான் நான். பொட்டி தட்டுற பொழப்பு பெங்களூர்ல, வாரக்கடைசி ஆனா ஜோலார்பேட்டைல இறங்கி திருப்பத்தூர் வீடு. நமக்கு எதுக்கு ஊர் வம்புன்னு இருந்தேன். ஆனா இந்தக் கோடையில என் சித்தி பையனே ஜெர்கினோட ஓட ஆரம்பிச்சப்போ சும்மா இருக்க முடியல.

அவன் போலீஸ் வேலைக்குத் தயாராகிறான். ரெண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடி முடிக்கணும். முடிக்கலேன்னா அதோட வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எழுத்துத் தேர்வுக்கு ராத்திரி பகலா படிச்சதெல்லாம் அந்த ஏழு நிமிஷத்துல அடங்கிப் போகும். சித்தப்பா இல்லாத வீடு, சித்தி தையல் மெஷினை நம்பி ஓட்டுற குடும்பம். அந்த வேலை அவங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லத் தேவையில்லை.

"இன்னாடா தம்பி இது, மழையா வருது?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணா, இதைப் போட்டு ஓடினா ஸ்டாமினா ஏறும். செலக்‌ஷன் அன்னிக்கு கழட்டிட்டு ஓடினா உடம்பு பறக்கும்னு சீனியர் சொன்னாரு. வெயிட்டும் குறையுது, ஒரே நாள்ல ஒரு கிலோ!"

"தலை சுத்துதா?"

"ரெண்டு தடவை வாந்தி வந்துச்சு. போகப் போக பழகிடும்னாங்க."

அந்த 'பழகிடும்'தான் எனக்குச் சரியாப் படல. அவனைத் திட்டினா கேக்கமாட்டான், எங்க வம்சமே அப்படி. அதனால நோட்டுல கணக்கு போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த ஒரு கிலோ

ஒரு ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினா, உடம்பு எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி (கிலோ கலோரின்னு படிக்கவும், சாப்பாட்டுப் பாக்கெட்ல போட்டிருக்கிற அதே கலோரிதான்) செலவாகும். தம்பி 60 கிலோ. அஞ்சு கிலோமீட்டர் ஓடினா 300 கலோரி. ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கு. அந்த 300 கலோரியும் கொழுப்புல இருந்தே போச்சுன்னு வெச்சுக்கிட்டாக்கூட, கரைஞ்சது 40 கிராம். ஒரு எலுமிச்சம்பழ எடை.

அப்போ மிச்சம் 960 கிராம்? தண்ணி. வீட்டுக்கு வந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சதும் போன எடை திரும்ப வந்துடும். ஜெர்கின் கொழுப்பைக் கரைக்கல, தண்ணியை மட்டும் பிழிஞ்சு எடுத்திருக்கு.

அடுத்தது சூடு

ஓடும்போது தசை செலவழிக்கிற சக்தியில முக்கால் பங்குக்கு மேல அப்பவே சூடா மாறிடும். மிச்சமும் சமதரையில ஓடி முடிக்கிறப்போ கிட்டத்தட்ட சூடாத்தான் முடியுது. தம்பி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரம் ஓடினா 600 கலோரி சூடு உள்ளே உருவாகும்.

60 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 50 கலோரி போதும். 600-ஐ 50-ஆல வகுத்தா 12. அதாவது, உடம்புல இருந்து சூடு கொஞ்சம்கூட வெளியே போகலேன்னா ஒரு மணி நேரத்துல 12 டிகிரி ஏறணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி! 37-ல ஆரம்பிச்சா கால் மணி நேரத்துல 40. உள் உடம்புச் சூடு 40-ஐத் தாண்டி, மூளையும் தடுமாற ஆரம்பிச்சா அதுக்குப் பேர்தான் வெப்ப அதிர்ச்சி, ஹீட் ஸ்ட்ரோக்.

நிஜத்துல அப்படி நடக்கறதில்ல, ஏன்னா சூடு வெளியே போய்க்கிட்டே இருக்கு. காத்து படும்போது கொஞ்சம் போகும், கதிர்வீச்சா கொஞ்சம் போகும். ஆனா இது ரெண்டும் வெளிக்காத்து நம்ம தோலைவிடக் குளிர்ச்சியா இருந்தாதான் நடக்கும். தோல் சுமார் 35 டிகிரி. மே மாசத்து திருப்பத்தூர் மதியம் 40. அப்போ சூடு வெளியே போறதுக்குப் பதிலா உள்ளே வரும். மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு வழி. வேர்வை ஆவியாகிறது.

ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். தம்பியோட 600 கலோரிக்கு ஒரு லிட்டர் சொச்சம். என்ன ஒரு டிசைன் பாருங்க, கணக்கு கிட்டத்தட்ட டேலி ஆகுது.

ஆனா இதுல ஒரு கண்டிஷன் இருக்கு. வேர்வை *ஆவியாகணும்*. சொட்டுற வேர்வை எதையும் குளிர்விக்காது. துணியில ஊறி நிக்கிற வேர்வையும் அந்த நிமிஷத்துக்கு எதுவும் செய்யல. பிளாஸ்டிக் ஜெர்கினுக்குள்ள என்ன நடக்குது? ரெண்டு நிமிஷத்துல உள்ளே இருக்கிற காத்து நீராவியால நிறைஞ்சுடும். அதுக்கு மேல ஆவியாக இடமில்லை. உடம்புக்கு அது புரியாது பாவம், இன்னும் வேர்வையைக் கொட்டினா குளிரும்னு நினைச்சு மேல மேல கொட்டும். நம்ம ஆளு அதைப் பார்த்து "செம ஒர்க்அவுட்"னு சந்தோஷப்படுவாரு.

தம்பியை அன்னிக்கு பனியனைக் கழட்டிப் பிழியச் சொன்னேன். டம்ளர்ல பிடிச்சோம், அரை டம்ளருக்கு மேல வந்துச்சு. "இது அத்தனையும் சம்பளம் வாங்கிட்டு வேலை செய்யாத வேர்வைடா"ன்னேன். அப்போதான் அவன் மூஞ்சி கொஞ்சம் மாறிச்சு.

எங்க ஊர் வெயில்ல இருக்கிற ஒரே நல்ல விஷயம் அது வறண்ட வெயில். வேர்வை சட்டுனு காயும். ஜெர்கின் போடுறவன் அந்த ஒரு வசதியையும் தொலைச்சுட்டு, திருப்பத்தூர்ல நின்னுக்கிட்டே சென்னைப் புழுக்கத்தை வாடகைக்கு எடுத்து உடம்பைச் சுத்தி கட்டிக்கிறான்.

சேப்பாக்கம், 1986

சென்னைப் புழுக்கம்னதும் ஒரு மேட்ச் ஞாபகம் வருது. நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, யூட்யூப் புண்ணியத்துல பார்த்தது. 1986 செப்டம்பர், சேப்பாக்கம், இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட். டை ஆன மேட்ச். டெஸ்ட் வரலாற்றுலயே அது ரெண்டாவது டை.

அதுல டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னு 210 அடிச்சார். பேடு, கிளவுஸ் எல்லாம் கட்டிக்கிட்டு அந்தப் புழுக்கத்துல ஓடி ஓடி, மைதானத்துலயே வாந்தி எடுத்து, கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போய் சலைன் ஏத்தினாங்க. அதே மேட்ச், அதே வெயில், அதே டீம். கிரெக் மேத்யூஸ்னு ஒரு சுழற்பந்து வீச்சாளர். மனுஷன் *ஸ்வெட்டர்* போட்டுக்கிட்டு பந்து வீசினார்! கடைசி நாள்ல மட்டும் 39.5 ஓவர். மணீந்தர் சிங்கை எல்.பி.டபிள்யூ. ஆக்கி மேட்சை டை பண்ணினதும் அவர்தான். மொத்தம் பத்து விக்கெட்.

"பார்த்தியாண்ணா, ஸ்வெட்டர் போட்டவனுக்கு ஒண்ணும் ஆகல"ன்னு தம்பி மடக்கினான். நல்ல கேள்வி. என்னோட பதில் இதுதான். துணி சூட்டை *உண்டாக்கறது* இல்ல, அடைச்சு வைக்குது. உள்ளே எவ்வளவு சூடு உருவாகுதுங்கிறதைப் பொறுத்துதான் அடைப்பு ஆபத்தாகுறது. சுழற்பந்து வீச்சாளர் நாலு எட்டு வெச்சு வீசுறார், ஆறு பந்துக்கு அப்புறம் அடுத்த ஓவர் முழுக்க நிக்கிறார். நூல்ல பின்னின ஸ்வெட்டர்ல ஓட்டைகள் உண்டு, நீராவி போகும். 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துல ஓடுறவன் உருவாக்குற சூடு வேற, பிளாஸ்டிக் அடைக்கிற அடைப்பு வேற. ஸ்வெட்டரை அங்கே போட்டதால இங்கே ஜெர்கின் போடலாம்னு சொல்றது, ஒரு லேப்டாப்ல ஓடின கோடை அப்படியே இன்னொரு சர்வர்ல தூக்கிப் போடுற மாதிரி. வெடிக்கும்.

(துணியோட அடைப்பை அளக்க ஒரு அலகே இருக்கு, 'க்ளோ'ன்னு பேர், 1941-ல கொண்டுவந்தாங்க. 21 டிகிரி அறையில சும்மா உக்காந்திருக்கிறவர் சௌகரியமா இருக்கத் தேவையான உடுப்பு ஒரு க்ளோ. கிட்டத்தட்ட ஒரு கோட்டு சூட்டு. ஓடும்போது உடம்பு சும்மா இருக்கிறதைவிட பத்து மடங்கு சூடு உண்டாக்குது. அப்போ நிக்கும்போது 'கரெக்டா இருக்கு'ன்னு தோணுற துணி, ஓடும்போது எப்பவுமே அதிகம்.)

விளையாட்டில்லாத கதைகள்

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே எழுதினேன். இனிமே முடியல.

1997 நவம்பர், டிசம்பர். அமெரிக்காவுல மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள், அஞ்சு வாரத்துக்குள்ள, அடுத்தடுத்து செத்துப்போனாங்க. மூணு பேரும் வேற வேற கல்லூரி. செஞ்சது ஒண்ணுதான். எடைப்பிரிவுக்குள்ள வர்றதுக்காக சாப்பாடு தண்ணியைக் குறைச்சு, நீராவி புகாத உடுப்பைப் போட்டுக்கிட்டு, சூடான அறையில கடுமையா உடற்பயிற்சி செஞ்சாங்க. நம்ம ஆளுங்க ஆன்லைன்ல வாங்குற அதே ரகம் உடுப்பு. 1998-ல கல்லூரி மல்யுத்தத்துல அந்த உடுப்பைத் தடை பண்ணிட்டாங்க. நம்ம கடையில இன்னிக்கும் 'ஃபேட் பர்னர்'னு போட்டு விக்கிறான்.

2001 ஜூலை கடைசி. கோரி ஸ்ட்ரிங்கர்னு ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரர். வயசு 27, கிட்டத்தட்ட என் வயசு. முழு பேடு கட்டி வெயில்ல பயிற்சி எடுத்தவர் சரிஞ்சு விழுந்தார். ஆஸ்பத்திரியில பார்த்தப்போ உடம்புச் சூடு 42 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆகஸ்ட் 1 அதிகாலையில இறந்துட்டார். தொழில்முறை வீரர். சுத்தி பயிற்சியாளர்கள், மருத்துவ வசதி எல்லாம் இருந்தும் இது நடந்தது. நம்ம கிரவுண்டுல காலை ஆறு மணிக்கு யார் இருக்கா சொல்லுங்க?

2003-ல அங்கே கல்லூரி கால்பந்துக்கு ஒரு விதி கொண்டுவந்தாங்க. பயிற்சி ஆரம்பிக்கிற முதல் ரெண்டு நாள் ஹெல்மெட் மட்டும். அடுத்த ரெண்டு நாள் தோள் பேடும் சேர்த்து. அஞ்சாவது நாள்தான் முழு உடுப்புன்னு அப்போ வெச்சாங்க. உடுப்பை மருந்து மாதிரி டோஸ் ஏத்தி ஏத்திக் கொடுக்கிறாங்க. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிச்சிருந்தது.

'பழகிடும்'ங்கிறதுல பாதி உண்மை உண்டு. வெயில்ல தினமும் அளவோட பயிற்சி எடுத்தா பத்துப் பதினாலு நாள்ல உடம்பு பழகும். வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல உப்பு குறையும், ரத்தத்துல தண்ணிப் பங்கு கூடும். குளிர் நாட்டு ஓட்டக்காரங்க வெப்ப நாட்டுக்குப் போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி கூடுதல் உடுப்பு போட்டு, கண்காணிப்போட பழகுறதும் உண்டு. ஆனா அது சூடு கிடைக்காதவன் செய்யற வேலை. திருப்பத்தூர்ல பொறந்து வளர்ந்தவனுக்கு செயற்கையா சூடு எதுக்கு? தண்ணி பஞ்சமிருக்கும், மழை பஞ்சமிருக்கும், சூட்டுக்கு என்னைக்காவது பஞ்சம் வந்திருக்கா?

இன்னொரு விஷயம், தம்பிக்கு இதுதான் கடைசியில உறைச்சது. உடம்பு சூடேறினா ரத்தம் தசைக்கும் போகணும், தோலுக்கும் போகணும். இருக்கிற ரத்தம் ஒண்ணுதான். அதனால தசைக்குக் கிடைக்கிறது குறையும், வேகம் தானா குறையும். ஜெர்கினோட ஓடுறவன் மெதுவாத்தான் ஓட முடியும். மெதுவா ஓடியே பழகினவன் செலக்‌ஷன் அன்னிக்கு எப்படி பறப்பான்? இப்போ அவன் பனியனோட ஓடுறான், ஜெர்கின் மழைக்காலத்துக்காக ஆணியில தொங்குது.

அப்போ எதைத்தான் போடறது?

தோல் ஊர்க்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ வேலை தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, நிஜத் தோல் மூச்சு விடும், ரெக்ஸின் விடாது. நாள் முழுக்க ரெக்ஸின் ஷூ போட்டவன் சாக்ஸைக் கழட்டும்போது பக்கத்துல நின்னு பாருங்க, தெரியும் :-) ஷூவோட மேல்பாகத் தோல் வழியா நீராவி எவ்வளவு போகுதுன்னு அளக்க லேப்ல தனி டெஸ்ட்டே இருக்கு. பாதத்துக்கு அவ்வளவு யோசிக்கிற ஊர், மிச்ச உடம்புக்கு பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு ஓடுது.

காட்டனா, பாலியெஸ்டரான்னு பெரிய சண்டை உண்டு. காட்டன் வேர்வையை உறிஞ்சி வெச்சுக்கும், கனமாகும், ஒட்டும், தொடை இடுக்குல உரசும். பாலியெஸ்டர் 'டிரை ஃபிட்' கொஞ்சமாத்தான் உறிஞ்சும், சீக்கிரம் காயும். நீண்ட தூரத்துக்கு அது வசதி. ஆனா ஓடும்போது உள் உடம்புச் சூட்டைப் பொறுத்தவரை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளம்பரத்துல சொல்ற அளவுக்கு எல்லாம் இல்லை. ஆயிரம் ரூபாய் பனியன் வாங்க முடியலேன்னு யாரும் கவலைப்பட வேணாம். துணி மெல்லிசா இருக்கா, தொளதொளன்னு இருக்கா, உடம்புல எவ்வளவு இடத்தை மூடுது, இந்த மூணும்தான் முக்கியம்.

தொளதொளன்னு இருந்தா என்ன லாபம்? நடக்கும்போது துணி ஆடும், உள்ளே இருக்கிற ஈரக்காத்தை வெளியே தள்ளி புதுக்காத்தை இழுக்கும். கொல்லன் துருத்தி மாதிரி. 1980-ல 'நேச்சர்' இதழ்ல ஒரு சுவாரசியமான கட்டுரை வந்தது. பாலைவனத்துல பெடோயின் மக்கள் ஏன் கருப்பு அங்கி போடறாங்கன்னு சோதிச்சுப் பார்த்தாங்க. கருப்புத் துணி வெள்ளையைவிட அதிகச் சூட்டை வாங்குது, உண்மைதான். ஆனா அங்கி தளர்வா இருந்ததால அந்த அதிகச் சூடு தோலைத் தொடறதுக்கு முன்னாடியே காத்தோட போயிடுது. உள்ளே இருக்கிறவருக்குக் கருப்போ வெள்ளையோ ஒரே சூடுதான். வாணியம்பாடியில காலையில பர்தாவோட வாக்கிங் போற அக்காங்களுக்கும், சுடிதார் மேல சட்டை மாட்டிக்கிட்டு நடக்கிற எங்க அம்மாவுக்கும் இதுல ஒரு சேதி இருக்கு. நிறத்தைப் பத்தி ரொம்பக் கவலை வேணாம். மெல்லிசான, காத்து போற துணியா, தளர்வா இருக்கட்டும். வேட்டி கட்டி நடக்கிற தாத்தாக்களுக்கு அட்வைஸே தேவையில்லை, அவங்க எப்பவோ ஆராய்ச்சியை முடிச்சுட்டாங்க.

டிசம்பர்ல ஏலகிரி மேல ஓடுறவங்களுக்குக் கணக்கு மாறும். ஆரம்பத்துல லேசா குளிரணும், அதுதான் சரியான உடுப்பு. பத்து நிமிஷத்துல சூடு வந்ததும் ஸ்வெட்டரைக் கழட்டி இடுப்புல கட்டிடணும். நின்னதும் ஈர பனியனை மாத்தணும். ஓடும்போது காப்பாத்தின அதே ஆவியாதல், நின்னப்புறமும் சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கும், நடுங்கிடுவீங்க.

ஓடும்போது யாராவது தள்ளாடினா, சம்பந்தமில்லாம பேசினா, வெறிச்சுப் பார்த்தா, 'வேர்வைதான் வருதே, ஹீட் ஸ்ட்ரோக் இல்ல'ன்னு முடிவு பண்ணாதீங்க. உடற்பயிற்சியில வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வேர்வை வந்துக்கிட்டே இருக்கலாம். நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் மேலுடுப்பைக் கழட்டுங்க, ஷூவைக் கழட்டுங்க. தண்ணித்தொட்டி இருந்தா கழுத்துவரைக்கும் உள்ளே இறக்கி, தலையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் கூடவே இருங்க. இல்லேன்னா பக்கெட் பக்கெட்டா ஊத்தி விசிறுங்க. இன்னொருத்தர் 108-க்கு போன் போடட்டும். வண்டி வர்றவரைக்கும் குளிர்விக்கிறதை நிறுத்தாதீங்க. நினைவில்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க.

இவ்வளவும் கழட்ட முடிஞ்சவங்களுக்கு. கழட்ட முடியாதவங்களும் இதே மாவட்டத்துல இருக்காங்க. டேனரியில ஈரத் தோலைத் தூக்கிப் போடுறவர் ரப்பர் ஏப்ரன், கம்பூட்ஸ், கையுறை எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்யணும். கெமிக்கலுக்கு அது வேணும், கழட்டச் சொல்ல முடியாது. ஊறின தோலோட கனம் உங்களுக்குத் தெரியும். உடம்புக்கு ஜிம்மும் தெரியாது, ஷிஃப்டும் தெரியாது. தசை வேலை செஞ்சா சூடு வரும், ரப்பர் மூடியிருந்தா சூடு நிக்கும், அவ்வளவுதான். நாம காசு கொடுத்து வாங்குற சோனா சூட்டை அவர் சம்பளத்துக்காக மே மாசம் முழுக்கப் போட்டிருக்கார். அவருக்குத் தேவையானது மணிக்கு ஒருதரம் ஏப்ரனைக் கழட்டி உக்கார பத்து நிமிஷம், ஒரு ஃபேன், பக்கத்துலயே குடிக்கத் தண்ணி. அந்த மாதிரி இடத்துல சூப்பர்வைசரா, மேனேஜரா இருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, நாளைக்கு ஷிஃப்டுல அந்தப் பத்து நிமிஷத்தை எங்கே வைக்கலாம்னு ஒருதரம் யோசிங்க.